சாட்டைக்காரி

ஓஹினாகாவுக்கு மேற்கே, எங்கள் வேலி முடிகிற இடத்தில்
அதன் பெயர் சிரியோனேரா: சாட்டைக்காரி.
ஆற்றைத் தாண்டி டெக்சஸ் பக்கம் போனால்
குதிரைவண்டிக்காரன் சவுக்கு.
தோல் சிவந்து பிறக்கும் ஊர்களில் செவ்வோடி.
மாட்டு டாக்டர் எழுதிக்கொள்ளும் லத்தீன் பெயரும்
கடைசியில் சவுக்கில்தான் முடிகிறது.
வெறுமே பாம்பு என்று விட்டுவிட
ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வாலைப் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.
செதில்கள் புரிபுரியாய்ப் பின்னி
நுனிக்குப் போகப்போக இறுகி,
சேணக்கடையில் தொங்கினால்
விலை கேட்டிருப்பேன்.

நஞ்சில்லை. நெரிக்கவும் தெரியாது.
பிடித்தால் கடிக்கும்; யார்தான் கடிக்கமாட்டார்?
மற்றதெல்லாம் வளைக்குள் சுருண்டுகொள்ளும்
ஜூன் மாத உச்சிவெயிலில்
இது மட்டும் வேலையாய்த் திரியும்,
வேலி கட்டுகிற எங்களைப்போல.
புல்லுக்கு மேலே தலையை நிமிர்த்தி
பெரிய கண்ணால் ஒரு சுற்றுப் பார்க்கும்.
பல்லி ஓடும்.
அப்புறம் பல்லி இருக்காது.

மனிதன் ஓடினால் அதை முந்திவிடலாம்,
உடம்பு மெலிசு, அதனால் பறக்கிற மாதிரி தோன்றுகிறது
என்பார் டாக்டர்.
நிக்கானோர் ஒத்துக்கொள்ள மாட்டான்.
ஒத்துக்கொண்டால் அவன் கதை நொண்டும்.

அவன் கெண்டைக்காலில் சாண் நீளத்தில் ஒரு தழும்பு.
சிரியோனேரா துரத்தியது என்பான்,
காலைச் சுற்றி வளைத்து
வாலால் விளாசியது என்பான்,
செத்தேனா என்று அறிய
மூக்குக்குள் வால்நுனியை விட்டுப் பார்த்தது என்பான்.
சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை
பாம்பு ஒரு முழம் வளரும்.

முள்கம்பியை இழுத்துக் கட்டியவன் நான்.
எந்த இரவு, எவள் வீட்டுக் கொல்லை,
எந்த முள்ளில் அவன் கால்சட்டைத் துணி
ஆடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.
அவன் மனைவி ஃபிடென்சியாவுக்கும் தெரியும்.
கதை தொடங்கினால் எழுந்து
அடுப்பைப் பார்க்கப் போவாள்.
அடுப்பில் ஒன்றும் இருக்காது.

பாவம் ஒருத்தன் காலில்,
பழி
காலே இல்லாததன் மேல்.

நேற்று மூவரும் லாரியில் வந்தோம்.
மண்பாதையின் குறுக்கே, கயிறு விழுந்தாற்போல் அது.
நிக்கானோர் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.
"நிறுத்து" என்றாள் ஃபிடென்சியா.

இறங்கிப் போய் அதன் எதிரே நின்றாள்.
அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.
எவ்வளவு நேரமோ.
இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.
பிறகு பாதையில் ஒரு கோடு,
வேலியின் அடிக்கம்பிக்குக் கீழே
ஒரு முள்ளும் தொடாமல்
போய்விட்டது.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.
பாவாடைத் தூசியைத் தட்டினாள்.
"என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லையே
அந்த வால்" என்றாள்.

வீடு வரும்வரை
நிக்கானோர்
பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.