பெயர்ச்சி

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு
குடியாத்தம் மகளிர் சிக்கன நாணயச் சங்கத்தின் ஷட்டரை
உள்ளிருந்து இறக்கினோம்.
ராகுகாலம் காலையிலேயே போய்விட்டது என்று
செயலாளர் தணிகாசலம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.
சனிப்பெயர்ச்சி என்றால் எள் விளக்கு ஏற்றலாம்,
இதற்கு எதை ஏற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

இருபத்தாறு வருடக் கணக்கு.
தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள்,
லுங்கித் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர்கள்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்,
ஒரே ஒரு கணினியில்
ஒரே ஒரு எழுத்துருவில் மட்டுமே
படிக்க முடிகிறவர்கள்.
அந்த மென்பொருளை எழுதியவர் மஸ்கட்டில் இருக்கிறார்.
போனை எடுத்தார், சிரித்தார்,
"அது இன்னுமா ஓடுது?"

முதலில் கொம்புகள்.
பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் போகும்,
எழுத்து பின்னால் வரும்.
புதியதில் எழுத்துதான் முதல்,
கொம்பு காத்திருக்க வேண்டும்.
ஒன்பது மணிக்கு
க. கோகிலாவின் கொம்பு கழன்று
இனிஷியலின் புள்ளியில் போய்த் தொங்கியது.
செண்பகம், மேகலா, லோகநாயகி, பேபி
எல்லோரையும் நிமிர்த்தி முடிப்பதற்குள்
மூன்று தடவை கரண்ட் போனது.
யுபிஎஸ் கூவிக்கொண்டே இருந்தது.
எழுத்தர் தாஹிரா பிளாஸ்கைத் தலைகீழாகக் கவிழ்த்து
கடைசித் தேநீரை எனக்கு ஊற்றினாள்.

பிறகு வெற்றிடங்கள்.
புதிய மென்பொருள் சுத்தபத்தம் பார்க்கிற ஆள்.
'இல்லை', 'தெரியாது', 'வேண்டாம்', ஒரு சும்மாக் கோடு,
எது கிடந்தாலும் துடைத்துவிட்டுத்தான்
உள்ளே அனுப்ப வேண்டும்.
குறுஞ்செய்தி வேண்டுமா என்ற கட்டத்தில்
தாஹிரா எண்ணூறு தடவை 'வேண்டாம்' அடித்திருக்கிறாள்.
ஒரே வரியில் உத்தரவு எழுதினேன்.
எல்லாக் கட்டங்களுக்குமாக.
நாலு நொடி.

இரவு ஒன்றேகாலுக்குக் கூட்டிப் பார்த்தால்
பணம் பைசா பிசகாமல் நிற்கிறது.
பதினோரு பேருக்குப் பெயர் இல்லை.

கணவர் பெயர் இருக்கிறது.
பிச்சனூர், நெல்லூர்பேட்டை, செதுக்கரை, தெரு இருக்கிறது.
கடன், ஜாமீன், வாரிசு எல்லாம் இருக்கிறது.
"இன்னாச்சு மேடம்?" என்று எட்டிப் பார்த்த தாஹிரா
மேலே ஒன்றும் பேசாமல்
பழைய லெட்ஜரைத் தூசி தட்டி எடுத்து வந்தாள்.

வேண்டாம், க/பெ ஏகாம்பரம்.
வேண்டாம், க/பெ கன்னியப்பன்.
வேண்டாம், க/பெ காலஞ்சென்ற எத்திராஜ்.

மூன்றாவதாக, நாலாவதாகப் பிறந்தவர்கள்.
அடுத்தது பையனாகப் பிறந்ததா
என்று லெட்ஜரில் கட்டம் இல்லை.
என்றைக்கோ சாமிக்குப் போட்ட மனுவை
என் நிரல்
தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டது.
பெயர்க் கட்டத்தைத் தொடாதே என்று
ஒரு வரி சேர்த்து
முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.
செயலாளர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

திங்கட்கிழமை.
கெங்கையம்மன் சிரசுக்கு மூன்றே நாள்,
ஷட்டருக்கு வெளியே எட்டு மணிக்கே வரிசை.
ஆறாவதாக நின்றது எத்திராஜ் வீட்டம்மா.
குற்ற உணர்ச்சியோ என்னவோ, நானே சொன்னேன்:
இன்று சாயந்திரம் வரை பெயர் திருத்தம் திறந்திருக்கிறது,
காசு கிடையாது,
நல்லதாக வேறு ஏதாவது...

"பேரு கெடக்கட்டும்.
எம்புக்குல முந்நூத்தி நாப்பத்தேழு ரூவா
அம்பது பைசா இருந்துச்சு.
அந்த அம்பது பைசா வந்துச்சா?"

வந்திருந்தது.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கிட்டத்தில் குனிந்து
தொகையை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.
சரிதான் என்று தலையாட்டிவிட்டு
என் பேனாவை வாங்கிக்
கையெழுத்துப் போட்டார், நாலே எழுத்து.
கொம்பை முதலில் போட்டுவிட்டு
அப்புறம்தான் 'வ' எழுதினார்.