முப்பத்தொன்று

நீரையும் பாலையும் பிரிக்க ஓர் அன்னம் உண்டென்று
நம்மவர்கள் எழுதிவைத்தார்கள்.
ஜூரா மலையில் அன்னங்கள்
ஏரியில் பாசி தின்கின்றன, அவ்வளவுதான்.
அங்கே அந்த வேலைக்கு
பாரிஸிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வந்தது,
அஞ்சல் வண்டியில், மரத்தூளுக்குள் படுத்தபடி.

ஒரு சாண் நீளம்.
அடியில் குமிழ், குமிழுக்குள் ஈயக் குண்டுகள்,
நடுவில் பருத்த வயிறு,
மேலே வைக்கோல் பருமனில் கழுத்து.
கழுத்துக்குள் சுருட்டிச் செருகிய காகிதம்:
ஒரு பக்கம் மஞ்சள், முழுப் பாலுக்கு.
மறுபக்கம் நீலம், ஏடு எடுத்த பாலுக்கு.
நீலத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஊர்ப் பொதுவான பாலாடைக்கட்டிக் கூடம்.
காலை ஐந்து மணி.
காலணிப் பனியை உதறிவிட்டு
ஒவ்வொருவராக வாளியை இறக்குகிறார்கள்.
அல்சீத் மொண்டு நெடிய குவளையில் ஊற்றுகிறான்,
நுரை அடங்கட்டும் என்று நிற்கிறான்,
குழாயை விடுகிறான்.
அது மூழ்கி, எழுந்து,
கொஞ்சம் தயங்கி
ஏதோ ஒரு கோட்டில் நிற்கிறது.
அவன் உரக்கச் சொல்ல
சிடோனி பேரேட்டில் எழுதுகிறாள்.
மை உறையும் நாட்களில்
மைக்கூட்டைக் கக்கத்தில் இடுக்கி இளக்கிக்கொள்வாள்.

முப்பது. முப்பத்திரண்டு. முப்பதரை.

பிப்ரவரியில் ஒருநாள் லெயோகதியின் பால்
இருபத்தெட்டில் நின்றது.
வெப்பத்தைப் பாருங்கள் என்றாள்.
பார்த்தார்கள். பதினைந்து பாகை, சரியாகவே இருந்தது.
சங்கத் தலைவர் எவரிஸ்த் தொண்டையைச் செருமினார்:
“அவளுக்கு மாடு மூன்று இல்லை, நான்கு.
நான்காவது கிணற்றுக்குள் நிற்கிறது.”
சிரித்தார்கள்.
அபராதம் எட்டு பிராங்க்.
அவள் போகும்போது கதவைச் சாத்தவில்லை,
குளிர் உள்ளே வந்து
எல்லோர் கழுத்தையும் தொட்டுப் பார்த்தது.

அன்றிரவு சிடோனி பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
எவரிஸ்த்: முப்பத்தொன்று.
அதற்கு முதல் நாள் முப்பத்தொன்று.
மழை பெய்த வாரம், கன்று ஈன்ற வாரம்,
புல் மாறி வைக்கோல் வந்த வாரம்,
நாற்பத்தேழு நாள் முப்பத்தொன்று.
மாடு அப்படி இருக்காது.
கடிகாரம் வேண்டுமானால் அப்படி இருக்கும்,
அதுவும் நின்றுபோன கடிகாரம்.

விரலால் மேசையில் கணக்குப் போட்டாள்.
ஏடு லேசானது,
எடுத்துவிட்டால் மிச்சப் பால் கனக்கும்,
குழாய் மேலே ஏறும்.
நீரும் பாலைவிட லேசு,
ஊற்றினால் குழாய் கீழே இறங்கும்.
அளந்து எடுத்து அளந்து ஊற்றினால்
இரண்டு களவும் கைகோத்து
ஒரு நேர்மையாக நடந்து வரும்.
குழாய் வழிவிட்டு வணங்கும்.

அப்படியானால் லெயோகதி?
அந்த இருபத்தெட்டில் இருந்தது கிணறா,
எடுக்காத ஏடா?

மறுநாள் மாலைப் பாலில்
யாரையும் கேட்காமல்
இரண்டு கண்ணாடித் தம்ளர் நிரப்பினாள்.
பெயர் எழுதிய சீட்டை ஒட்டி
ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டுப் போய்த் தூங்கினாள்.

விடிந்தது.
ஒரு தம்ளரில் இரண்டு விரல் தடிமனில்
வெண்ணெய் நிற ஏடு.
மற்றதில் நகக்கண் அளவு,
அதன் கீழே நீலம் பாய்ந்த வெளுப்பு.
வந்தவர்கள் பார்த்தார்கள்.
வாளியைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.
ஒருவர் பனியைப் பற்றிப் பேசினார்.

அதற்கடுத்த காலை
எவரிஸ்தின் பாலில் குழாய்
கழுத்தை நீட்டிக்கொண்டு எழுந்தது.
அல்சீத் குனிந்தான், கண்ணைத் துடைத்தான்,
மறுபடி குனிந்தான்.
“முப்பத்தைந்து.”
தண்ணீரை விட்டுவிட்டார்.
வெண்ணெயை விட
வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

அல்சீத் ஈரக் குழாயை எடுத்து
முதல்முறையாகத்
திருப்பிப் பிடித்தான்.

எட்டு பிராங்க் திரும்பி வந்ததா?
பேரேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே
மை கலைந்து ஒரு கறை இருக்கிறது.
பாலா நீரா என்று சொல்ல
இப்போது ஒரு கருவியும் இல்லை.