பின்கண்ணாடியில் பால்

காலாண்டு ஜெபக் கடிதம் அனுப்ப இன்றே கடைசி.
"பணித்தளத்திலிருந்து" என்று தலைப்பிட்டுவிட்டு
அடுப்புக்குக் கரி போட எழுந்தவர் எழுந்தவர்தான்.
திரையில் துடிக்கும் கோடு
இப்போது என்னைப் பார்க்கிறது.

மைனஸ் முப்பத்தொன்று.
தார்கான் நகரத்தின் விளிம்பில்
மரவேலிகளுக்குள் அத்தனை கெர் கூடாரங்களும்
ஒரே நேரத்தில் புகைகின்றன.
தண்ணீர்க் கடை பத்து மணிக்குத் திறக்கும்.
இரண்டு கேன், ஒரு தள்ளுவண்டி.
உறைபனிச் சரிவில் நான் இழுக்க
"நான் தள்றேன்மா" என்று
தொங்கிக்கொண்டே வருவான் ரூஃபஸ்.
சிந்துகிற தண்ணீர் பூட்ஸிலேயே கல்லாகும்.
என்ன ஊழியம் செய்கிறீர்கள் என்று கேட்டால்
பாதி நாள் இதுதான்.

ஞாயிறு ஆராதனைக்கு ஏழு பேர்.
இருவர் எங்கள் அடுப்புக்காக வருகிறவர்கள்;
ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.
போன மாதம் காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம்.
இலக்கணப் பிழைகளை முதல் வரிசையிலிருந்து
திருத்திக்கொண்டிருந்தாள் கெசியா, வயது எட்டு.
நாற்பது வருஷம் மந்தை மேய்த்த தவாசுரென்
கையை உயர்த்தினார்:
"மிச்சம் தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டது?"
கமாலியேல் குறிப்புகளைப் புரட்டினார்.
அதற்குள் அவரே சொன்னார்:
"பக்கத்துக் கூடாரத்துக்காரன் பார்த்திருப்பான்.
இல்லாவிட்டால் எவன் கிளம்புவான், ஒற்றை ஆட்டுக்கு?"

படிவத்தில் ஒரு கட்டம்:
இக்காலாண்டில் ஆதாயப்படுத்திய ஆத்துமாக்கள்.
அதைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகிறேன்.
ஜெபக் குறிப்புகள்.

கெசியாவின் காய்ச்சலை எழுத வேண்டும்.
எப்படி எழுத?
இரவு இரண்டு மணிக்கு
மூச்சு இழுக்கும்போதெல்லாம்
விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது.
நான் வேலியைத் தட்டினேன்.
நரங்கெரெல் ஒன்றும் கேட்கவில்லை;
தூங்கும் ரூஃபஸைத் தன் நீள அங்கிக்குள் சுருட்டிக்கொண்டாள்.
அவள் மகன் பத்பயார்
போர்வை மூடியிருந்த பழைய ப்ரியஸை
உதைத்தும் திட்டியும் உயிர்ப்பித்தான்.

கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன்.
தலைமுடி பறக்க ஓடி வந்தாள்,
கையில் பால் கிண்ணம், கரண்டி.
எங்கள் பின்னால் வீசினாள்,
ஒரு கரண்டி, இன்னொன்று, இன்னொன்று,
பயணம் போகிறவர் பத்திரமாய்த் திரும்ப.
நாங்கள் நடத்தும் பாடப் புத்தகத்தில்
நான்காம் பாடம் இது:
விட்டுவிட வேண்டியவை.
கமாலியேலும் கண்ணாடியில் பார்த்தார்.
நான் பார்த்ததையும் பார்த்தார்.
இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பால் கண்ணாடியைத் தொட்டதும் உறைந்தது.
ஆஸ்பத்திரி வரைக்கும் தெருவிளக்குகள்
அந்த வெள்ளைப் புள்ளிகள் வழியாகத்தான்
என் பிள்ளையின் முகத்தில் விழுந்தன.
நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.
எத்தனையாவது "கர்த்தாவே" என்று தெரியாது.
கண்களை மூடவில்லை.

ஒன்பது நாள்.
நிமோனியா, ஊசிகள்,
நடைபாதையில் உப்புப் போட்ட பால் தேநீர்.
அழைத்துப் போக வந்த காரில் அதே வெள்ளைத் தெறிப்பு.
"கழுவலையா?" என்றேன்.
பத்பயார் என்னை விநோதமாகப் பார்த்தான்:
"நீங்கள் இன்னும் வீடு திரும்பவில்லையே."

கடிதத்தில் இப்படி எழுதுகிறேன்:
மகள் சுகவீனமாயிருந்தாள்,
உங்கள் ஜெபங்களால் சுகமானாள்.
பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.
ஆனாலும் அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.
கரி படிந்த விரலோடு வந்தவர்
தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு
"பாலையும் போடு" என்கிறார்.
அப்புறம், "வேண்டாம்."
அப்புறம், "சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்."

கஞ்சி, ரொட்டி, ஆளுக்கொரு கோப்பைப் பால்.
தலை குனிகிறோம்.
பக்கத்து வீட்டில் ஒன்பது நாள் இருந்து வந்தவன்
மோதிர விரலைப் பாலில் நனைத்து
மேலே ஒரு சொட்டு, சுற்றிலும் சில சொட்டு சுண்டுகிறான்.
ஒன்று என் புத்தகத்தில் விழுகிறது.
கமாலியேல் கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு
ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டுகிறார்.