தடிமன்

ஔரேலியோ அதை நாப்கினில் வரைந்தார்.
நான்கு விநாடி இருக்கும்.
ஓரத்தில் கணவாய் பொரித்த எண்ணெய்க் கறை.
எழும்பி, தொங்கி, மறுபடி எழும்பி
காகிதம் தீர்ந்த இடத்தில் நின்றது கோடு.
"மீன் ஏலக் கூடத்தின் கூரை" என்றார்.
அலை போல என்று சொல்லவில்லை.
அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்.

பிறகு பதினொரு வாரம் திரைக்குள் நான்.

கலீசியாவின் வடகரைத் துறைமுகம் அது.
படகுத்துறை நீளத்துக்கு
ஒன்பது வளைகோடுகளை விலா எலும்பாக நட்டு
மேலே தோல் போர்த்தச் சொன்னேன் மென்பொருளிடம்.
போர்த்தியது.
ஐந்தாவது விலாவுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்
தூக்கத்தில் புரண்டவனின் போர்வைபோல்
ஒரு சுருக்கம்.

கூரையை நகர்த்தும் புள்ளிகள்
கூரைமேல் இருப்பதில்லை.
எதையும் தொடாமல்
வெறும் காற்றில் நிற்கும்.
ஒன்றைப் பிடித்து இழுத்தால்
தூரத்தில் எங்கோ
பரப்பு கொஞ்சம் முகம் திருப்பும்.
கட்டளையிட முடியாது, கெஞ்சலாம்.
என் மகன் ப்ரெய்ஷோவுக்குப் பதினாறு வயது.
எனக்கு இது பழக்கம்தான்.

சுருக்கம் மறைந்தது,
அல்லது மறைந்தது என்று நினைத்தேன்.

மழைக்கு எங்கள் மொழியில்
எண்ணிலடங்காப் பெயர்கள்.
மென்பொருளுக்கு ஒன்றே ஒன்று: நீல அம்பு.
அம்புகளைப் பொழியவிட்டேன்.
சரிந்து சரிந்து எல்லாம்
ஒரே குழியில் போய்க் கூடின.
அதன் நேர் கீழே
ஏலம் கூறும் சபேலாவின் நாற்காலி.
தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்டேன்,
இரண்டு மீட்டர் தள்ளி உட்கார முடியுமா என்று.
"இருபத்தொரு வருஷமாக இங்கேதான்.
உன் கூரையைத் தள்ளிப் போடு."

தகடு வெட்டும் சிப்ரியானோ கேட்டார்:
"மொத்தம் எத்தனை?"
ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
"ஒரே அளவில் எத்தனை?"
ஒன்றுகூட இல்லை.
"ஒரு பக்கம் வளையுமா, இரண்டு பக்கமுமா?"
இரண்டும்.
அவர் பட்டறை எந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது.
"ஆரஞ்சுத் தோலை
மேசைமேல் தட்டையாக விரித்துப் பார்த்திருக்கிறாயா?"
வைத்துவிட்டார்.

அன்றிரவு பழம் வாங்கி உரித்தேன்.
கிழிந்தது.
சுருளாக, விரல் அகலத்தில் உரித்தேன்.
படுத்தது.
பட்டை பட்டையாகக் கூரையை வெட்ட
மேலும் பதினாறு நாள்.

கடைசியாகத் தடிமன்.
அதுவரை அந்தக் கூரைக்கு
மேல் உண்டு, கீழ் உண்டு,
நடுவில் ஒன்றும் கிடையாது.
மரச்சட்டம், கம்பளிப் பஞ்சு, தகடு, ஆணியின் தலை
எல்லாம் சேர்த்து எண்பத்து நான்கு சென்டிமீட்டர்.
எண்ணைத் தட்டினேன்.
மறுத்தது.
மறுபடி தட்டினேன்.
காரணம் சொல்லாத ஒரு சிவப்பு வரி.

நள்ளிரவு தாண்டி
கூரையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், முகட்டின் உட்புறத்தில்
அடித்தோல் தன்னைத் தானே ஊடுருவி
விலாங்குபோல் முடிச்சிட்டுக் கிடந்தது.
அங்கே வளைவின் ஆரம் அறுபது.
தடிமன் எண்பத்து நான்கு.
தன் சதைக்குத் தன்னிடமே இடமில்லாத வளைவு.

திரையோரம் ஒட்டிய நாப்கினைப் பார்த்தேன்.
பதினொரு வாரமாகப் பார்ப்பதுதான்.
அந்தத் திருப்பத்தில் மட்டும்
மை தேங்கிப் பரவியிருந்தது.
நான்கு விநாடிக்குள் அவர் கையும்
அங்கே ஒரு கணம் நின்றிருக்கிறது.

காற்றில் நின்ற ஒரு புள்ளியைப் பிடித்துத்
தளர்த்தினேன்.
ஆரம் எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பத்து.
முடிச்சு அவிழ்ந்தது,
பெல்ட்டை ஒரு துளை தளர்த்திய வயிறுபோல.

காலையில் ஔரேலியோ
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.
"ஒன்றும் மாறவில்லையே?"
இல்லை என்றேன்.

அவர் போனபின்
'கூரை கடைசி, நிஜமாகவே கடைசி, மூன்று' என்று
கோப்புக்குப் பெயரிட்டேன்.
அம்புகளை மறுபடி பொழியவிட்டேன்.
அத்தனையும் வடக்கே திரும்பிக்
கடலில் விழுந்தன.
நாற்காலிக்கு மேல் ஒன்றுகூட இல்லை.
பெரிதாக்கி
இன்னொரு முறை பார்த்தேன்.