இறந்தகாலம் பதினோராம் பாடத்தில்

பார் வீதியில்
கைபேசி திருத்தும் கடைக்கு மேலே
எட்டுக் கதிரை, ஒரு வெள்ளைப்பலகை,
சுற்றினால் அழும் மின்விசிறி.
செவ்வாயும் வியாழனும் நாலரைக்கு
எங்களை நாங்களே அறிமுகம் செய்துகொள்கிறோம்.

போன்ஜூர். ஜெ மாப்பெல் நிரஞ்சிகா.

'என் பெயர்' என்று இதற்கு அர்த்தமில்லையாம்.
'நான் என்னை நிரஞ்சிகா என்று கூப்பிடுகிறேன்.'
முப்பத்தொரு வருடத்தில் ஒருதரம்கூட
நான் என்னைக் கூப்பிட்டதில்லை.
கிளினிக்கில் துண்டைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.
பிரதேச செயலகத்தில்
அப்பாவின் பெயரை முன்னால் பூட்டிக் கூப்பிட்டார்கள்.
லில் நகரத்திலிருந்து இரவு பதினொன்றுக்கு
அவர் கூப்பிடுவார், இணைப்பு அறுந்தறுந்து,
நிரஞ்... நிர...

றோஷெல் ஆண்ட்ராடோவுக்கு இருபத்திரண்டு வயது.
திருத்தும்போதெல்லாம் 'அக்கா' என்று தொடங்குவாள்.
"அக்கா, ர நாக்கில இல்ல, தொண்டையில.
செப்பலி முள்ளு சிக்கினா எப்படிக் காறுவீங்க? அதுதான்."
வகுப்பே காறுகிறது.
கீழே கடைக்காரன் தெருவுக்கு வந்து
அண்ணாந்து பார்க்கிறான்.

ஏறாவூர் ஹிதாயாவுக்கு வேறு தொல்லை.
பிரெஞ்சுக்காரன் ஹ எழுதுவான், சொல்லமாட்டான்.
"இதாயா" என்றாள் றோஷெல்.
"எங்கட மாமியும் அப்படித்தான் கூப்பிடுற.
மனிசி பிரெஞ்சு படிச்சவ எண்டு
தெரியாமப் போச்சே கா."

மரியநேசன் தச்சுவேலை.
தச்சனுக்கான சொல் அவர் வாயில் நுழையவில்லை.
ஆகவே மூன்று வாரமாகப்
புத்தகத்தில் இருக்கிற வைத்தியராக இருக்கிறார்.
நகக்கண்ணில் மரத்தூளோடு.

எங்களிடம் நாற்பது சொல் இருக்கும்.
அதற்குள்தான் எல்லோரும் குடியிருக்கிறோம்.
எனக்குச் சோறு பிடிக்கும்.
எனக்குக் கடல் பிடிக்கும்.
பிடிக்காது என்று சொல்ல
இன்னும் இரண்டு சொல் வேணும், அடுத்த கிழமை.

நேற்று நடந்ததைச் சொல்லவே முடியாது.
"இறந்தகாலம் பதினோராம் பாடத்திலதான் அக்கா.
இப்போதைக்கு எல்லாம் நிகழ்காலம்."
சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி.

அவர்களுக்கு வயது ஆவதில்லை,
வயது இருக்கிறது, சட்டைப்பையில் காசு மாதிரி.
உன்னிடம் எத்தனை வருடம் இருக்கிறது
என்றுதான் கேட்பார்கள்.

எண்கள் படித்த அன்று
பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் கோபிதரன்
ஏழு வயதைச் சத்தமாக வாசித்தான்:
செத்தான்.
நம்பாமல் திரும்ப வாசித்தான்:
செத்தான்.
மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தோம்.
ஹிதாயாவுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.
நானும்தான் சிரித்தேன்.

இன்றைக்குக் குடும்பம்.
சகோதரர்கள் இருக்கிறார்களா?
விசாவுக்குப் போனாலும் இதைக் கேட்பார்களாம்.
'இருந்தான்' என்பதற்கு இன்னும் எட்டுப் பாடம் கிடந்தது.
இருக்கிறான் என்றேன், ஒரு தம்பி.
பெயர்?
அவன் தன்னைப் பவித்திரன் என்று கூப்பிடுகிறான்.
எங்கே வசிக்கிறான்?
நாவலடியில் வசிக்கிறான்.
என்ன வயது?

இலா செத்தான்.

கோபிதரன் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
றோஷெல் பலகையில் குனிந்திருந்தாள்.
"அக்காவுக்கு முப்பத்தொண்டு, தம்பிக்கு ஏழா?
இருபத்தேழு. முன்னால 'வேன்' போடணும்."
போட்டாள்.
இருபது வருடம், நீலப் பேனையால்,
ஒரே இழுப்பில்.

திருப்பிச் சொன்னேன்:
இலா வேன்-செத்தான்.
"த்ரே பியன். என்ன தொழில் செய்கிறார்?"
பட்டியலைப் பார்த்தேன்.
வைத்தியரை மரியநேசன் எடுத்துவிட்டார்.
சமையல்காரன் என்றேன்.
பசி தாங்கமாட்டான், அதனால்.

படி இறங்கும்போது
ஹிதாயா செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டாள்,
"உன்ட தம்பி எந்த ஹோட்டல்ல கா?"

மறுகா சொல்றன் என்றேன்.