இடைச்சொல்

ரூஸே நகரத்துப் பாலத்தில்
மூன்றாம் எண் சுங்கக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
கீழே டான்யூப். அக்கரை ருமேனியா.
லாரிக்காரர்கள் காசை நீட்டுகிறார்கள்,
என்னைப் பார்க்கிறார்கள்,
பிறகு போனை,
பிறகு மறுபடி என்னை.
ஆமாம், அவளேதான்.
ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்பு.

பதினாறு வருஷத்துக்கு முன்னால்
நகராட்சிக் கூடத்தில் வெந்நீர்க் கட்டணக் கூட்டம்.
கையில் பாதி கடித்த பானிட்சா,
உதட்டோரம் எள்ளளவு பாலாடைக்கட்டி.
யாரோ ஏதோ சொல்லத் திரும்பினேன்.
ஒரு புருவம் மட்டும் மேலே போயிற்று.
கூரை ஒழுகுவதைப் படமெடுக்க
வட்டாரச் செய்தித்தாள் அனுப்பிய ருமென்
அதை எடுத்துத் தொலைத்தான்.

கட்டணமும் இறங்கவில்லை,
புருவமும் இறங்கவில்லை.

முதலில் எங்கள் தெரு சிரித்தது.
அப்புறம் தலைநகரம்.
அப்புறம் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள்
நெற்றிக்கு மேலும் மோவாய்க்குக் கீழும் குடியேறின.
ஒரு தேசத்தில் நான் நிதியமைச்சரை நம்பவில்லை,
இன்னொன்றில் மாமியார் வைத்த சூப்பை.
எங்கோ ஒரு பிரசவ வார்டில் இரவுத் தாதிகள்
"டாக்டர் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடுவார்"
என்ற செய்திக்குக் கீழே என்னை ஒட்டுகிறார்களாம்.
அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

சோஃபியாவிலிருந்து ப்ளாமென் என்று ஒருத்தன்
வெள்ளை வெளேர் ஷூவோடு வந்தான்.
என் முகத்தை டோக்கனாக்கி
ஆயிரம் பேருக்கு விற்கலாம் என்றான்.
ஒரு காபி ஆறுவதற்குள்
புதுமை என்ற சொல்லை ஏழு தடவை சொன்னான்.
எனக்கு என்ன வரும்? பங்கு என்றான்.
எதில் என்றேன்.
உடனே கைதட்டிக் குதித்தான்:
"அதுதான், அதேதான், அசையாதீங்க!"

ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி
வண்டிகளின் கண்ணை மறைக்கும் இரவுகளில்
சும்மா யோசிப்பேன்.
ஒரு யோசனை எப்படிப் பிறக்கிறது என்று
பெரிய அரங்குகளில் காதில் மைக் மாட்டிக்கொண்டு பேசுகிறார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
கூரை ஒழுகியது.
ஒரு பையன் கேமராவை வேறு பக்கம் திருப்பினான்.
முகம் தெரியாத ஒருவர்
தூக்கம் வராத ஓர் இரவில்
அதன் மேல் முதல் வரியை எழுதினார்.
அவர் பேரை யாரும் கேட்கவில்லை.
கண்டுபிடித்தவர் அவர்.
நான் வெறும் மை.

இலக்கணத்தில் இடைச்சொல் என்று ஒன்று உண்டு.
தனியாய் நின்றால் அதற்குப் பொருள் கிடையாது.
வருவானோ, தருவானோ என்கிறோமே,
அந்த ஓகாரம் மாதிரி
அடுத்தவர் சொல்லின் வாலில் தொற்றிக்கொண்டு
சந்தேகத்தைச் சுமக்கும்.
நான் அதுவாகிவிட்டேன்.
ஒரு காலத்தில் பெயர்ச்சொல்லாக இருந்தவள்.
ஸ்னெஜானா. பனியிலிருந்து வந்த பெயர்.

எதைப் பார்த்துப் புருவம் தூக்கினேன் என்று
பேட்டியெடுக்க வந்தவர்கள் கேட்டார்கள்.
நினைவில்லை.
உலகத்துக்கே தெரிந்த பார்வை,
பார்த்த பொருள் மட்டும் தொலைந்துபோயிற்று.

போன மாதம் மகளுக்கு எழுதினேன்.
ராலிட்சா ராட்டர்டாமில் ஒரு கிடங்கில்
பொட்டலங்களுக்கு விலாசம் ஒட்டுகிறாள்.
ஈஸ்டருக்கு வருவாயா?
மூன்று புள்ளிகள் ஓடின, நின்றன,
ஓடின, நின்றன.
பதில் வந்தது:
நான்.
முப்பத்தெட்டு வயதில், புருவம் தூக்கி,
உதட்டோரம் பாலாடைக்கட்டியோடு.
எழுத்து ஒன்றும் இல்லை.

சுருக்கென்றது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
நாலு வண்டி போன பிறகு திருப்பிப் பார்த்தால்
இது ஊரார் அனுப்பும் பிரதி இல்லை.
ஓரம் வெட்டாதது.
அந்த ஓரத்தில் ஒரு சின்னக் கை
என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.
எட்டு வயதுக் கை,
விரலெல்லாம் ஊதா மை.

அன்றைக்கு நீ என்னடி சொன்னாய் என்று
தட்டி அனுப்பினேன்.

மூன்று புள்ளிகள் ஓடத் தொடங்கின.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இரு ஐயா,
இரு.