எண்பத்தேழு மில்லி

குலசேகரம். ஆனி மழை. காலை ஏழேகால்.
பால் வெட்டும் கத்தி நழுவி
இடது மணிக்கட்டில் மூன்று தசைநாணை அறுத்திருந்தது.
நெற்றியில் கட்டிய டார்ச்சை அணைக்காமலே
யாரோ ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார் ரசலையன்.

எடை எவ்வளவு என்றேன்.
"அம்பத்தெட்டு. ஷீட் கடைத் தராசுல கேறிப் பாத்தது.
ஆனா அவன் கிலோவுக்கு நூறு களவாங்குவான் டாக்டரே."
சிரித்துக்கொண்டே ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

ஸ்கேன் மெஷின் பழுதாகி நாகர்கோவில் போயிருந்தது.
காறை எலும்புக்கு மேலே விரலால் துடிப்பைத் தேடி
ஊசியை இறக்கி, பின்னிழுத்துப் பார்த்தேன். ரத்தமில்லை.
ஐந்து மில்லி. மறுபடி இழுத்தேன். இல்லை.
இருபது முடியும்வரை இல்லை.
இதை அன்றைக்கு மூன்று பேரிடம் சொன்னேன்,
நாலாவதாக, இரவில், கண்ணாடியிடம்.

"வாயில இரும்பு சொவைக்கு."
கொஞ்சம் கழித்து,
"காதுக்குள்ள வண்டு..."
அந்த வாக்கியம் முடியவில்லை.
கண் செருகியது. மேசை குலுங்கியது.
மிடாசோலத்தில் வலிப்பு அடங்க
மானிட்டரில் பச்சைக் கோடு அகன்றது, இன்னும் அகன்றது,
சிறுபிள்ளை வரைந்த மலைபோல.
பிறகு மலையும் இல்லை.

அட்டெண்டர் கிங்ஸ்லி ஸ்டூலில் ஏறி நெஞ்சை அமுக்கினான்,
வாய்விட்டு எண்ணியபடி.
நான் ஆக்ஸிஜன் பையைப் பிசைந்தபடி கத்தினேன்:
ஷைனி, பிள்ளைகள் வார்டுல வெள்ளைப் பாட்டில்!

அது ஆயிரத்து நூறு கிராம் பெண் குழந்தைக்கு வாங்கியது,
ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்தவள்,
மணிக்கு ஒரு மில்லி வீதம் ஊர்ந்து இறங்கும் சாப்பாடு.
சோயா எண்ணெய், முட்டைக் கரு, கொஞ்சம் கிளிசரின்.
கொழுப்பு என்றால் எங்கள் ஊரில் திட்டு.
உனக்குக் கொழுப்புடா என்போம், குறைத்துக்கொள் என்போம்.
நான் ஊற்றினேன்.

ஐம்பத்தெட்டைப் பெருக்கு ஒன்றரை. எண்பத்தேழு.
மனம் அந்தத் தராசில் சிக்கிக்கொண்டது:
நூறு நூறாகத் திருடியிருந்தால் ஆள் அறுபத்து நாலு அல்லவா,
அப்படியானால் மருந்து குறைவாகத்தானே போட்டேன்,
அப்படியானால் ஏன்?
கை நிற்கவில்லை. ஐம்பது மில்லி சிரிஞ்ச், மறுபடி ஒன்று.
அட்ரினலின் கொஞ்சமே கொஞ்சம்.
மிச்சப் பாட்டிலைத் தொங்கவிட்டோம்.

அந்த மருந்துக்கு எண்ணெய் என்றால் ஆசை
என்று படித்திருக்கிறேன்.
இதயத்தை விட்டுவிட்டு எண்ணெயோடு போய்விடுமாம்.
பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கினேன்.
கண்ணால் பார்த்ததில்லை.

"இருநூத்தி ஆறு, இருநூத்தி ஏழு..."
முப்பதுக்கு ஒருமுறை நான் மூச்சு கொடுக்க நிறுத்தினான்,
விட்ட இடத்திலிருந்து எண்ணினான்.
ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்
பிளாஸ்டிக் பாவாடை கட்டி நனைந்தன.
அறுநூறு தாண்டி எண் தப்பி
அவன் ஒன்றிலிருந்து தொடங்கியபோது
கோட்டில் ஒரு முள்.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
பிறகு அவசர அவசரமாக, வரிசை தப்பி, நிறைய.
கழுத்தில் விரல் வைத்தேன்.
முதலில் துடித்தது என் விரல்தான் என்று நினைத்தேன்.

மத்தியானம் லேப் சுனிதா போனில் கத்தினாள்:
"மேடம், ரத்தத்துல பாலைக் கலந்தா அனுப்புவீங்க?
மெஷின் ஒண்ணும் படிக்கல!"
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
குழாயின் அடியில் சிவப்பு,
மேலே வெட்டிய மரத்தின் சிரட்டையில் நிற்குமே, அந்த வெள்ளை.

குழந்தையின் அம்மாவிடம் ஷைனிதான் பேசினாள்.
மார்த்தாண்டத்திலிருந்து மாற்றுப் பாட்டில்
மூன்று மணி பஸ்ஸில், கண்டக்டர் சீட்டடியில் வந்தது.

சாயங்காலம் ரசலையன் கண் திறந்தார்.
இடது கை மரத்துத் தொங்கியது. அது மட்டும் சரியாக வேலை செய்திருந்தது.
நெஞ்செலும்பு வலிக்கிறது என்றார்.
நடந்ததைச் சொன்னேன், என் ஊசியில் தொடங்கி.
நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எவ்வளவு ஊத்தினிய?"
எண்பத்தேழு, பிறகு பாட்டிலின் மிச்சம்.
"அம்பத்தெட்டுக்குக் கணக்கு பாத்தா?"
ஆமாம்.
"நான் அப்பவே சொன்னேன்," என்றார்,
"அந்தத் தராசு சரியில்ல."